என் சாட்சியை நானே கவிழ்க்கப் பார்த்த கதை

அரசுத் தரப்பில் வாதாடப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே! ஓய்வு பெற்ற பிறகும் நான் அவ்வப்போது கோர்ட் கேன்டீனில் வந்து உட்காருவது உங்களுக்குத் தெரியும். உங்களில் யாராவது ஒருவர் பக்கத்தில் வந்து, “ஐயா, ஆள் கடத்தல் புதுப் பிரிவுல நம்ம மாவட்டத்துல மொதல்ல தண்டனை வாங்கிக் குடுத்தது நீங்கதானாமே?” என்று கேட்கிறீர்கள். நான் லேசாகத் தலையை ஆட்டிவிட்டு எங்கோ தூரத்தில் பார்ப்பேன். உடனே டீயும் பருப்பு வடையும் வந்துவிடும். இப்படியே நிறைய வடை தின்றுவிட்டேன். அந்த வழக்கில் உண்மையில் என்ன நடந்தது என்று சொல்லிவிட்டால் இனி வடை வராது என்று தெரிந்தேதான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சட்டம் கம்பம் பள்ளத்தாக்குக்கு எப்படி வந்து சேர்ந்தது என்று சொல்ல வேண்டும். இத்தாலியில் பலேர்மோ என்றொரு ஊர். அந்த ஊரின் பெயரால் வழங்கும் ஓர் உடன்படிக்கை உண்டு. ஆட்களைக் கொண்டுபோய்ச் சுரண்டுவதை எல்லா நாடுகளும் ஒரே மாதிரி குற்றமாக்க வேண்டும் என்பது அதன் சாரம். நம் நாடும் ஒத்துக்கொண்டது. ஒத்துக்கொண்டபின் நம் தண்டனைச் சட்டத்தைத் திறந்து பார்த்தால், 370ஆம் பிரிவு வெள்ளைக்காரன் காலத்து நினைப்பிலேயே ‘அடிமையாக வாங்குதல், விற்றல்’ என்று உட்கார்ந்திருந்தது. பாராளுமன்றம் அதை எடுத்துவிட்டுப் புதிதாக எழுதியது. மிரட்டியோ, பலவந்தமாகவோ, ஏமாற்றியோ, அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தியோ ஒருவரைச் சுரண்டலுக்காகச் சேர்த்தாலும், ஏற்றிக்கொண்டு போனாலும், வைத்துக்கொண்டாலும் குற்றம். கூடவே ஒரு விளக்கம்: பாதிக்கப்பட்டவர் சம்மதித்தாரா இல்லையா என்பது பொருட்டே அல்ல. இப்போது சட்டத்தின் பெயரும் பிரிவின் எண்ணும் மாறிவிட்டன. உள்ளே இருக்கும் சரக்கு அநேகமாக அதுதான்.

அந்தக் கடைசி விளக்கத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளாததால் வந்த வினைதான் இந்தக் கதை.

புதுப் பிரிவு வந்ததும் சென்னையில் இரண்டு நாள் பயிற்சி வைத்தார்கள். மாவட்டத்துக்கு ஒருவர் போக வேண்டும். ஒருவருக்கு முதுகுவலி, இன்னொருவருக்கு மச்சினி கல்யாணம். நான் மட்டும் முன்வந்தேன். கடமை உணர்ச்சி என்று எல்லாரும் நினைத்தார்கள். என் மகளுக்குக் கல்யாணப் புடவை எடுக்க வேண்டியிருந்தது. பஸ் செலவு அரசாங்கத்துடையது. முதல் நாள் முழுக்கக் கவனமாகக் குறிப்பெடுத்தேன். இரண்டாம் நாள் பிற்பகல் ஜவுளிக்கடையில் இருந்தேன். அந்தப் பிற்பகலில்தான் ‘இந்தப் பிரிவில் சாட்சியை விசாரிப்பது எப்படி’ என்ற வகுப்பு நடந்ததாகப் பின்னால் கேள்விப்பட்டேன்.

ஊர் திரும்பியதும் நான் நிபுணனாகிவிட்டேன். வக்கீல்கள் அறையில் எனக்குப் ‘பலேர்மோ பாய்’ என்று பெயர் வைத்தார்கள். கேலிதான். ஆனால் எனக்குக் கேட்க நன்றாக இருந்தது. போலீஸ்காரர்களுக்கு வகுப்பெடுக்கச் சொல்லித் தேனியில் ஒரு மண்டபத்தில் ஏற்பாடு செய்தார்கள். பிரியாணிக்குப் பிறகு வகுப்பு. பாதிப் பேர் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கினார்கள். பள்ளத்தாக்கிலிருந்து வந்த ஒரு இளம் எஸ்.ஐ. மட்டும் எழுந்து கேட்டார்:

“சார், பொம்பளப் பிள்ளைகன்னா சரி. மீச வச்ச ஆம்பளைய எப்பிடி சார் கடத்த முடியும்?”

“சட்டத்துல ‘நபர்’னுதான் இருக்கு. மீசையைப் பத்தி ஒண்ணும் சொல்லல” என்றேன். கைதட்டல். அந்த உற்சாகத்தில், பள்ளிப் பிள்ளைகளைச் சொல்ல வைப்பதுபோல, “சம்மதம் பொருட்டல்ல” என்று எல்லாரையும் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தேன். தூங்கியவர்களும் சொன்னார்கள்.

அதற்கு அடுத்த வாரமே எனக்கு முதல் அடி விழுந்தது. உத்தமபாளையத்தில் விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டு வீட்டுக்கு வந்துகொண்டிருக்கிறேன், போன். மலைப்பாதைச் சோதனைச்சாவடி ஒன்றில் ஜீப்புகளை மறித்துவிட்டார்களாம். நம் பெண்கள் தினமும் காலையில் ஜீப்பில் மலையேறிக் கேரளத்து ஏலத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போவதும், சாயந்திரம் திரும்புவதும் உங்களுக்குப் புதிதல்ல. என் வகுப்பைக் கவனமாகக் கேட்ட அந்த ஒரே எஸ்.ஐ.க்கு அன்று அங்கே டியூட்டி. ஏற்றிக்கொண்டு போவது குற்றம், சம்மதம் பொருட்டல்ல என்று அவர் எல்லா ஜீப்பையும் ஓரங்கட்டிவிட்டார்.

ஒருவருடைய பைக்கில் தொற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். தூக்குவாளிகளை மடியில் வைத்துக்கொண்டு பெண்கள் ரோட்டிலேயே உட்கார்ந்திருந்தார்கள். நான் இறங்கியதும் ஒரு அம்மா எழுந்து வந்தார்.

“எங்க சம்மதம் செல்லாதுன்னு சொன்ன பாய் நீங்கதானா?”

“அப்படி இல்லம்மா, சட்டத்துல...”

“நாங்க ஏலக்கா எடுக்கப் போறதுக்கு நாங்க சம்மதிக்காம வேற யாரு சம்மதிக்கணும்? ஒங்க வீட்டு அம்மாகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு வரவா?”

மற்றவர்கள் சிரித்தார்கள். எஸ்.ஐ. என்னைத் தனியாக அழைத்து, “நீங்க சொன்னதத்தான் சார் செஞ்சேன்” என்றார். பொய்யில்லை. ஏற்றிப் போவது மட்டும் குற்றமல்ல, ஏமாற்றோ பலவந்தமோ இருக்க வேண்டும், சுரண்டல் நோக்கம் இருக்க வேண்டும் என்று சாலையோரத்தில் நின்று இரண்டாவது வகுப்பு எடுத்தேன். “சட்டத்த முழுசாப் படிக்கணும் தம்பி” என்று அவரை ஒரு பார்வையும் பார்த்தேன். வீட்டுக்கு வந்து சொன்னபோது என் மனைவி, “நீங்க முழுசாப் படிச்சிட்டுத்தான் போயிப் பாடம் நடத்துனீகளா?” என்று மட்டும் கேட்டாள்.

இனி வழக்குக்கு வருகிறேன்.

கோம்பைப் பக்கம் தெய்வேந்திரன் என்று ஒருவர். திராட்சைத் தோட்டங்களில் மருந்தடிக்கிற வேலை. ஆறடி உயரம், முறுக்கிவிட்ட மீசை. பெரியப்பா முறை வரும் ஒருவர் வடநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்டாக இருந்தார். முறுக்குக் கம்பெனி ஒன்றில் மிஷினைப் பார்த்துக்கொள்ளும் வேலை, எட்டு மணி நேரம், தங்க அறை என்று அவர் சொல்லியிருக்கிறார். தெய்வேந்திரன் கிளம்பினார். கிளம்பியதோடு நிற்காமல், வர மனமில்லாத தன் மச்சினன் வனராஜையும், “நான் இருக்கேன்ல, வாடா” என்று கூட்டிக்கொண்டு போனார்.

அங்கே மிஷினும் இல்லை, அறையும் இல்லை. விடியுமுன் அடுப்பு முன் நின்றால் இரவுதான் நகர முடியும். போன்களை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஷட்டருக்கு வெளியே பூட்டு. ஒரு நாள் கொதிக்கும் எண்ணெய் வனராஜின் வலது கையில் கொட்டியது. ஆஸ்பத்திரிக்கு அனுப்பவில்லை. பக்கத்துக் கடைக்காரர் ஒருவர் தகவல் கொடுத்து, அந்த ஊர் அதிகாரிகள் வந்து எல்லாரையும் மீட்டபோது, வனராஜின் விரல்கள் மடங்கி ஒட்டிப் போயிருந்தன.

தெய்வேந்திரனின் மனைவி பாண்டியம்மா தம்பியின் கையைப் பார்த்த அன்றே குழந்தையைத் தூக்கிக்கொண்டு குச்சனூரில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போய்விட்டார். “ஏஜென்டு எந்தம்பியக் கூப்புடல. நீங்கதான் கூட்டிட்டுப் போனீக” என்று சொல்லிவிட்டுப் போனாராம். தெய்வேந்திரன் தப்பை ஒத்துக்கொள்ளவே இல்லையாம். எதிர்த்தரப்பு வக்கீலும் அதையேதான் வாதமாக வைத்திருந்தார்: ஏஜென்ட் வழிதான் காட்டினார், மச்சினனைக் கொண்டுபோனது தெய்வேந்திரன். ஏஜென்ட் விடுதலையானால், வனராஜின் கைக்குப் பதில் சொல்ல ஊரில் மிஞ்சுவது தெய்வேந்திரன் ஒருவர்தான். விசாரணைக்கு முன் அவர் என் அறைக்கு வந்து சொன்னார்:

“ஐயா, அவரு செயிலுக்குப் போறாரோ இல்லியோ, என் பொண்டாட்டியும் பிள்ளையும் வீட்டுக்கு வரணும். அதுக்கு ஏதாச்சும் பண்ணுங்க.”

இந்தப் பிரிவில் அதற்கு வழி சொல்லப்படவில்லை என்று நான் சொல்லவில்லை. “உள்ளதச் சொல்லுங்க, மத்தத நான் பாத்துக்கிறேன்” என்றேன். எவ்வளவு நம்பிக்கையாகச் சொன்னேன் என்பதை நினைத்தால் இப்போது எனக்கே சிரிப்பு வருகிறது.

விசாரணை நாளில் கோர்ட் நிறைந்திருந்தது. ‘பலேர்மோ பாய்’ புதுப் பிரிவில் வாதாடப் போகிறார் என்று இளம் வக்கீல்கள் நோட்டோடு வந்து உட்கார்ந்திருந்தார்கள். பின் பெஞ்சில் பாண்டியம்மா, மடியில் குழந்தை. வனராஜ் அடுத்த சாட்சி என்பதால் வெளியே இருந்தார். தெய்வேந்திரன் கூண்டில் ஏறினார்.

தெய்வேந்திரனின் வாக்குமூலத்தை எழுதியவர் நம் எஸ்.ஐ.தான். காதல் விவகாரங்களில் பெண் வீட்டார் புகார் கொடுக்கும்போது எழுதுகிற அந்தப் பழைய வாசகம் உங்களுக்குத் தெரியுமல்லவா? ‘ஆசை வார்த்தை கூறி அழைத்துச் சென்றார்.’ அதையே இங்கேயும் எழுதிவிட்டார். நானும் அதைப் படித்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டேன். முதல் விசாரணையில் பதிலை வாயில் ஊட்டுவதுபோலக் கேட்கக்கூடாது என்று உங்களுக்கு நான் பலமுறை சொல்லியிருக்கிறேன். அன்று ஊட்டினேன்.

“எதிரியான இந்த ஏஜென்ட் உங்களிடம் ஆசை வார்த்தை கூறி உங்களை அழைத்துச் சென்றார். சரிதானே?”

கோர்ட்டில் களுக்கென்று ஒரு சிரிப்பு. தெய்வேந்திரனின் மீசை துடித்தது.

“யாருகிட்ட என்ன வார்த்த? ஆச வார்த்த சொல்லிக் கூட்டிட்டுப் போக நான் என்ன வயசுக்கு வந்த பிள்ளையா? என்னைய யாரும் கூட்டிட்டுப் போகல. நானாத்தான் போனேன்!”

பழைய வழக்குகளில் ஒரு சாட்சி இப்படிச் சொன்னால் நாங்கள் செய்வது ஒன்றுதான். ‘எங்கள் சாட்சி எங்களுக்கு எதிராகத் திரும்பிவிட்டார், அவரைப் பொய்யர் என்று காட்டக் குறுக்கு விசாரணை செய்ய விடுங்கள்’ என்று கேட்பது. வேலைக்கு வந்த நாளிலிருந்து செய்த பழக்கம். மூளையைக் கேட்காமல் என் வாய் சொல்லிவிட்டது:

“கனம் கோர்ட்டார் அவர்களே, இவரைப் பிறழ் சாட்சியாகக் கருதிக் குறுக்கு விசாரணை செய்ய அனுமதி வேண்டும்.”

நீதிபதி எதிர்த்தரப்பைப் பார்த்தார். அந்த வக்கீல் எழுந்து, புன்னகையோடு, “எனக்கு எந்த ஆட்சேபனையும் இல்லை” என்றார்.

இந்த மனிதரைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். என் மகள் கல்யாணத்துக்காக நான் வாய்தா கேட்டபோதுகூட ஆட்சேபித்தவர். ஆட்சேபித்துவிட்டுக் கல்யாணத்துக்கு வந்து இரண்டு முறை பிரியாணி கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர். நான் கேட்டு அவர் ஒத்துக்கொண்ட காரியம் அதுவரை ஒன்றுகூட இல்லை. அவர் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொள்கிறார் என்றால் நான் எங்கேயோ சறுக்கிவிட்டேன் என்று பொருள்.

சுவரோரம் நின்ற எஸ்.ஐ.யைப் பார்த்தேன். சோதனைச்சாவடியில் நான் அவரைப் பார்த்த அதே பார்வையை அவர் எனக்குத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் உறைத்தது. தானாகப் போனேன் என்று சாட்சி சொன்னால் என்ன போயிற்று? அது பொருட்டே அல்ல என்றுதானே சட்டத்தையே மாற்றி எழுதினார்கள்? ஒரு மண்டபம் நிறையப் போலீஸ்காரர்களை நான்தானே அதைச் சொல்ல வைத்தேன்? உண்மை பேசுகிற என் முக்கிய சாட்சியை நானே பொய்யன் என்று சொல்லி எதிர்த்தரப்புக்குத் தட்டில் வைத்துக் கொடுத்திருந்தேன்.

நீதிபதி பேனாவைத் திறந்துவிட்டார். எனக்கு முன்னால் இரண்டு வழிகள். வாய் தவறியதைக் காட்டிக்கொள்ளாமல் அப்படியே போய்விடலாம். சாட்சி கவிழ்த்துவிட்டான் என்று சொன்னால் யாரும் என்னைக் குறை சொல்ல மாட்டார்கள். நம் தொழிலில் அது தினம் நடப்பது. இல்லாவிட்டால், என்னிடம் பாடம் கேட்க வந்திருக்கும் இத்தனை பேருக்கு முன்னால் நான் சொன்னது தப்பு என்று சொல்ல வேண்டும். உடனே முடிவெடுத்தேன் என்று சொல்ல ஆசைதான். நான் செய்தது தண்ணீர் குடித்தது. அதிலும் பாதி அங்கியில் கொட்டியது.

டம்ளரை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது தெய்வேந்திரன் என்னைப் பார்க்கவில்லை. பின் பெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். ‘நானாத்தான் போனேன்’ என்பதைக் கேட்டுவிட்டு, பாண்டியம்மா குழந்தையை இடுப்பில் எடுத்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்துகொண்டிருந்தார். அந்த மனிதரின் கண்ணில் இருந்த பயத்தைப் பார்த்ததும் எனக்குக் கௌரவம் எல்லாம் மறந்துபோயிற்று.

“கனம் கோர்ட்டார் அவர்களே! கோரிக்கையைத் திரும்பப் பெறுகிறேன். தப்பு என்னோடது. சாட்சி மேல ஒரு தப்பும் இல்ல!”

“மெதுவாச் சொல்லுங்க பி.பி. எனக்குக் காது நல்லாவே கேக்குது” என்றார் நீதிபதி. “சாட்சியைப் பத்தி நான் முடிவு பண்ணிக்கிறேன். நீங்க கேள்வியைக் கேளுங்க.”

இளம் வக்கீல்கள் குனிந்து எழுதினார்கள். என்ன எழுதினார்கள் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. வாசல் பக்கம் திரும்பிப் பார்க்கவும் எனக்குத் துணிச்சல் இல்லை.

“சரி. நீங்களாகத்தான் போனீர்கள். என்ன வேலை என்று நம்பிப் போனீர்கள்?” என்று கேட்டேன். மிஷின், எட்டு மணி நேரம், அறை என்று சொன்னார். சொன்னது யார் என்று கேட்டேன். ஏஜென்டைக் கைகாட்டினார். பிறகு ஒன்று கேட்டேன். ஜீப்பில் போன பெண்களை நினைத்துக்கொண்டேன். சாயந்திரம் அவர்கள் வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள்.

“திரும்பி வர வேண்டும் என்று எப்போதாவது கேட்டீர்களா?”

தெய்வேந்திரன் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டார்.

“வனராசு கையில எண்ணெ கொட்டுன அன்னைக்குக் கேட்டேன். தோலு சட்டையோட ஒட்டிக்கிருச்சு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன், ஷட்டரத் தொறங்கன்னேன். தொறக்கல. பெரியப்பாவுக்குப் போனப் போடச் சொன்னேன். போட்டுக் குடுத்தாக. ‘தன்னால ஆறிரும்டா, சத்தம் போடாம வேலையப் பாரு. இப்பப் போறதுக்கெல்லாம் விடமாட்டாக’ன்னு சொன்னாரு. நான் ஷட்டரக் கையால அடிச்சேன், காலால ஒதச்சேன். கீழ படுத்துக் கெடந்தவன், ‘மாமா விடுங்க, ஒங்களையும் அடிப்பாக’ன்னான். வெந்து கெடக்கறவன் எனக்குச் சொல்றான்.”

முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டார்.

“வக்கீலய்யாவே தப்புன்னு ஒத்துக்கிட்டாக. எனக்கு என்ன வந்துச்சு? நான் ஏமாந்துட்டேன் சாமி. போனது நானாத்தான். அவனக் கூட்டிட்டுப் போனதும் நாந்தான். வரத்தான் விடல.”

எத்தனையோ சாட்சியங்களைக் கேட்டிருக்கிறேன். அன்று எனக்குக் குறிப்பெடுக்க முடியவில்லை. இந்த மனிதரையா பொய்யர் என்று காட்டப் பார்த்தேன் என்று நினைக்க வெட்கமாக இருந்தது.

எதிர்த்தரப்பு சும்மா விடவில்லை. ‘கட்டாய உழைப்பு’ என்ற சொல்லே இந்தப் பிரிவில் இல்லை என்றார். அது உண்மைதான். உடன்படிக்கையில் அந்தச் சொல் இருக்கிறது. நம்மவர்கள் சட்டத்தைத் திருத்தி எழுதும்போது அது விடுபட்டுப் போனது. ஆனால் ‘உடல்ரீதியான எந்தச் சுரண்டலும்’ என்று நம் சட்டத்தில் இருக்கிறது. அந்த அகலமான சொல்லுக்கு, நாம் ஒத்துக்கொண்ட உடன்படிக்கையைப் பார்த்துப் பொருள் கொள்ளலாம் என்று வாதாடினேன். இந்த முறை முழுசாகப் படித்துவிட்டுப் போயிருந்தேன். நீதிபதி ஏற்றுக்கொண்டார். ஏஜென்டுக்குத் தண்டனை கிடைத்தது. தானாகப் போனதாக மறைக்காமல் சொன்னதே அந்தச் சாட்சி நம்பத்தக்கவர் என்பதைக் காட்டுகிறது என்று தீர்ப்பில் எழுதியிருந்தார். அதைப் படிக்கும்போது நான் தலையை நிமிர்த்தவில்லை.

உங்களுக்கு நான் சொல்ல வருவது இதுதான். நாட்டின் சட்டத்தை உலக உடன்படிக்கைக்கு ஏற்ப மாற்றுவதைப் பாராளுமன்றம் செய்துவிடும். கூண்டுக்கு முன்னால் நிற்கும் நம் வாயையும் பழக்கத்தையும் நாம்தான் மாற்றிக்கொள்ள வேண்டும். அதை உங்களுக்காக யாரும் திருத்தி அரசிதழில் போட மாட்டார்கள். எதிர்த்தரப்பு உடனே ஒத்துக்கொண்டால் ஒரு வாய் தண்ணீர் குடியுங்கள். அங்கியில் கொட்டினாலும் பரவாயில்லை.

தீர்ப்புக்குப் பிறகு வீரபாண்டித் திருவிழா சமயத்தில் ஒரு நாள் தேனி பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தேன். கூட்டத்தில் தெய்வேந்திரன் என்னைக் கண்டுபிடித்து வந்தார். தோளில் குழந்தை. பின்னால் பாண்டியம்மா, இடது கையில் பையோடு வனராஜ். நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்து, ‘இதெல்லாம் என் கடமை’ என்று சொல்வதற்கான முகத்தைத் தயாராக வைத்துக்கொண்டேன்.

“பாண்டியம்மா, இவுக யாருன்னு தெரியுதுல்ல?” என்றார். “கோர்ட்டுல தப்புப் பண்ணுனாகல்ல, அந்த பாய்.”

என் தயாரான முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. பாண்டியம்மா என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

“தெரியாம என்ன? நான் அன்னைக்குக் கோர்ட்டு வாச நெலையத் தாண்டிட்டேன். ‘தப்பு என்னோடது’ன்னு ஒரு ஆம்பளக் கொரலு பெருசாக் கேட்டுச்சு. இவருதான் ஒருவழியா வாயத் தொறந்துட்டாருன்னு நெனச்சுத் திரும்பி வந்தேன். பாத்தா நீங்க.”